தலைக்கணக்கு

துணி தேய்த்துக் கொடுப்பவளின் வீட்டுக்குக் கணக்கெடுப்பவர் வந்திருந்தார். வீட்டு வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். தலைக்கு வரும் தொகை வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் மலிவு விலை அரிசி தொடரும்.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நாலு பேர் சார்."

கணவன் குறுக்கே புகுந்தான். "அஞ்சுன்னு போடுங்க சார். என் தம்பி மூணு வேளையும் இங்கதான் கொட்டிக்கிறான்."

"சார் தலையத்தான் எண்ணுறாரு, வயித்தை இல்ல," என்றாள் அவள்.

கணக்கெடுப்பவர் சிரித்துக்கொண்டே வகுத்தார். "நாலுன்னா கோட்டைத் தாண்டிட்டீங்கம்மா. அரிசி நின்னுடும்."

"தலைக்கணக்கு கேட்டா தலைக்கனத்தைக் காட்டுறா," என்று கணவன் முணுமுணுத்தான்.

"இருக்கட்டுமே. ரெண்டாவது இஸ்திரி மேசை போட்டு, நானும் மகளும் கால் கடுக்க நின்னு தாண்டின கோடு இது. எழுதிக்கோங்க சார்."

சொல்லிவிட்டு, கொழுந்தன் தேய்க்கப் போட்டுவிட்டுப் போன சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள்.