கேள்வி கேட்காத டிஸ்க்

ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் எனக்குப் பிடிக்காது. மனுஷர் கேட்டாலும் சரி, மெஷின் கேட்டாலும் சரி. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பெண்ணுக்கு இந்தக் குணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்பார்கள். "கழட்டறதும் நான்தான், மாட்டறதும் நான்தான், இன்னா ஆச்சு சொல்லுங்க" என்பேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அவர் எப்ப வருவாருங்க?" என்பார்கள். எவர்? யாரைக் கேட்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் அரக்கோணம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து பழைய கம்ப்யூட்டர்களுக்குப் புதிதாக ஓ.எஸ்., அதாவது மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர், போடும் வேலை வந்தது. ஒரு மெஷினுக்குப் போடுவதற்குள் அது கேட்கிற கேள்விகள் இருக்கிறதே! எந்த மொழி, எந்த ஊர் நேரம், உன் பேர் என்ன, எந்தப் பகுதியில் போடட்டும், நிச்சயமாகவா, யோசித்துச் சொல். இருபத்தைந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து இத்தனைக்கும் பதில் சொன்னால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் அத்தனை பதிலையும் முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதி, ஓ.எஸ்ஸோடு சேர்த்து ஒரு டிஸ்க் செய்யலாம் என்று இறங்கினேன். டிஸ்க்கைப் போட்டு ஆன் செய்தால் போதும், மெஷின் வாயைத் திறக்காமல் தானே எல்லாம் முடித்துக்கொள்ளும்.

சொல்ல எளிது. மூன்று வாரம் என் உயிரை வாங்கியது. ஒரு எழுத்து தப்பினால் பாதியில் நின்று, திரை நீலமாக முழிக்கும். எட்டு டிஸ்க் குப்பைக்குப் போயின. பள்ளிக்கூடத்து மெஷின்களில் பிள்ளைகள் ஏற்றி வைத்திருந்த கேம்ஸ் எல்லாம் டி டிரைவில் கிடந்தன. அதனால் ஹார்ட் டிஸ்க்கை முழுசாகத் துடைத்து, புதிதாக சி, டி என்று பிரித்து, பாட வீடியோக்களை டியில் கொட்டும்படி ஒரு வரியும் சேர்த்தேன். ஒன்பதாவது டிஸ்க் வேலை செய்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை. கடையில் தனியாக நின்று கை தட்டினேன், வெட்கமென்ன.

அதே மாதம்தான் பாவா வந்தார். என் அக்காவின் வீட்டுக்காரர். பள்ளிப்பட்டில் நான்கு விசைத்தறி வைத்திருக்கிறார். அக்கா போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கிட்னி.

அக்கா வீட்டில் டியூஷன் எடுத்தவள். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாதென்று தமிழ் டிக்டேஷனைக் கம்ப்யூட்டரில் பேசிப் பதிந்து வைத்தாள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு முப்பத்திரண்டு பாடம், வருஷம் முழுவதற்கும். பிள்ளைகள் பன்னிரண்டாவது பாடம் எழுதி முடித்தபோது அவள் படுக்கையில் விழுந்தாள், டியூஷனும் நின்றது. பதிவில் பின்னால் தறி ஓடும். "முற்றுப்புள்ளி. அடுத்த வரி" என்பாள். முதல் பாடத்தில் நடுவிலேயே, "இருங்கடா, பால் பொங்குது" என்று எழுந்து ஓடுவாள். அதை ஒரு தடவை கேட்டதோடு நிறுத்திவிட்டேன். மேற்கொண்டு கேட்கத் தெம்பில்லை. அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன்.

காரியம் முடிந்த அன்று பாவா என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். "அவ கொரலு பத்தரமா இருக்குமாம்மா?"

"டி டிரைவ்ல போட்டுக்கீறேன் பாவா. ஓ.எஸ். சியிலதான இருக்குது? சி மொத்தமா போனாலும் டி போவாது" என்றேன். எங்கள் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற வார்த்தை. கல்யாண ஆல்பமா, டியில் போடு. பத்திரமா, டியில் போடு. ஒரு பென் டிரைவில் இன்னொரு காப்பி எடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். காப்பி எடுத்து வைக்காதவர்களை முகத்துக்கு நேராகத் திட்டுகிறவள் நான்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அவர் வந்தார். ஊர் முழுக்கக் காவடி, பஸ்ஸை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சிபியூவைப் பழைய போர்வையில் சுற்றித் தோளில் சுமந்துகொண்டு ஒன்றரை மைல் நடந்து வந்திருந்தார்.

"ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சும்மா. அவ பேசறப்ப விட்டு விட்டு வருது. திக்கிக்கினு பேசற மாரி இருக்குது. கேக்க முடியல."

"இதுக்கா இவ்ளோ தூரம் தூக்கினு வந்தீங்க? ஓ.எஸ். மாத்தினா சரியாப் பூடும். அரை மணி நேரம்."

"அவளது?"

"அதான் டியில இருக்குதில்ல பாவா? ஒண்ணும் ஆவாது."

எப்போதும் போடுகிற சாதாரண டிஸ்க் மேஜையிலேயே இருந்தது. அதைப் போட்டிருந்தால், எந்தப் பகுதியில் போடட்டும் என்று அது கேட்டிருக்கும். என் கை அங்கே நின்றிருக்கும். ஆனால் எனக்குப் பெருமை காட்ட வேண்டியிருந்தது. "பாருங்க பாவா, நானே செஞ்சது. ஒரு கேள்வி கேக்காது" என்று சொல்லி என் டிஸ்க்கைப் போட்டேன். நானே எழுதிய அந்தத் துடைக்கிற வரி அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை.

அவருக்கு மோர் வாங்கிக் கொடுக்க வெளியே வந்தோம். சாவு விழுந்து வருஷம் திரும்பாததால் அவர் மலையேறக் கூடாது. ரோட்டு ஓரத்திலேயே நின்று, போகிற காவடிகளைப் பார்த்துக் கும்பிட்டார். "போன ஆடிக்கு அவ என்னை இட்டுனு மேல ஏறினா. மூச்சு வாங்கிச்சு, ஆனா எறங்க மாட்டேன்னுட்டா" என்றார். நாங்கள் பேசிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் உள்ளே அது நடந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து டியைத் திறந்தேன். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பாட வீடியோ.

பாவா பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துச் சிரித்தார். "ஆங், எவ்ளோ பளிச்சுன்னு கீது!" என்றார். நான் மானிட்டரை அணைத்தேன். இன்னும் வேலை இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று பொய் சொன்னேன்.

அந்த வாரம் கடையில் வேறு வேலையே பார்க்கவில்லை. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் நான்கைப் போட்டுத் தேடினேன். ஃபைல்களின் பெயர் மட்டும் வந்தது, முப்பத்திரண்டு எண்ணும் வரிசையாக. திறந்தால் இரைச்சல். அக்கா பேசியிருந்த இடத்தின் மேலேயே வீடியோக்கள் போய் உட்கார்ந்துவிட்டன. சென்னையில் தெரிந்தவரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது ரயிலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சொன்ன நாளில் பாவா வந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "எல்லாம் பூட்ச்சு பாவா. நான்தான் அழிச்சிட்டேன். என்னை ரெண்டு அடி அடிங்க."

அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பாவா எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் படித்தவர். தமிழ் பேசுவார், அக்கா இருந்தவரை எழுதத் தெரியாது. நோட்டைப் பிரித்தேன். கோணல் மாணலாகத் தமிழ் எழுத்து. ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே எண். முதல் பாடத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: இருங்கடா பால் பொங்குது. அது பாடம் இல்லை என்று தெரியாமல் அதையும் எழுதியிருந்தார்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒண்ணு" என்றார். "பத்தொம்போது வரைக்கும் எழுதிட்டேன்."

"மீதி, பாவா?"

"மீதி கேக்கலம்மா. சீக்கிரம் கேட்டா தீந்து பூடுமேன்னு வச்சிருந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீ கேட்டிருப்பியே? இருபதாவதுல அவ இன்னா சொல்லிக்கீறா?"

"நானும் கேக்கல பாவா" என்றேன்.