கயிற்றில் தொங்கிய பெயர்

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்ரசருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். "டீச்சரக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

நான் சத்தீஸ்கரில் போர்வெல் ரிக் மெக்கானிக். பதினொரு மாதம் புழுதி, ஒரு மாதம் திருச்செங்கோட்டுப் பக்கம் வீடு. சாவுக்கு வந்து சேர முடியாது. அதனால், நம் ஊர் அங்கன்வாடியில் டீச்சரக்காவிடம் பிள்ளையை விட்ட உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

போன லீவில் எனக்கு ஒரே குறி. நான் கிளம்புவதற்குள் மகள் மகிழினி தன் பெயரை எழுத வேண்டும். அந்த ஒரு மாதத்தில் பார்க்காததை நான் அப்புறம் பார்க்கப்போவதில்லை. கம்ப்யூட்டரில் அவள் பெயரைப் புள்ளி புள்ளியாக வைத்து, அதன்மேல் எழுதிப் பழக முப்பது தாள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். டீச்சரக்கா வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல தாளுங்க தம்பி. பின்பக்கத்துல படம் வரைய ஆகும்."

எனக்குச் சுர்ரென்றது. "பேரு எப்பங்கக்கா எழுதும்?"

"மொதல்ல பேரு சொல்லிக் கூப்புடுங்க பாக்கலாம்."

கூப்பிட்டேன். மற்ற பிள்ளைகள் திரும்பின. மகள் திரும்பவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் அவள் 'சாமி'. போனில் நானும் "சாமி, சாப்ட்டியா?" தான்.

"ஊட்டுக்கு ஊடு சாமிதானுங்க. இங்க சாமின்னா ஏழு புள்ளைக எந்திரிக்கும். தம் பேரே தெரியாதது எதைங்க எழுதும்?"

அங்கன்வாடியில் தினமும் காலையில் பிள்ளைகள் அவரவர் பெயர் அட்டையைத் தேடி எடுத்துக் கயிற்றில் மாட்ட வேண்டும். எழுத்தெல்லாம் அப்புறம்தான். எனக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. வீட்டில் நானே அவள் கையைப் பிடித்து எழுத வைத்தேன். மூன்றாம் நாள், பென்சிலைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"கைய உடுங்க தம்பி. நீங்க புடிச்சு எழுதுனா அது உங்க எழுத்து. போல்ட்டு முடுக்கறாப்பல முடுக்காதீங்க, மரை போயிரும்" என்றார் டீச்சரக்கா.

லீவு முடிந்தது. அவள் எழுதவில்லை. டீச்சரக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு போனில் எழுத்தைப் பற்றிக் கேட்கவுமில்லை.

இப்போது அஞ்சலி பேனரை இங்கிருந்தே போனில் செய்து அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. போட்டோ வந்தது, பெயர் வரவில்லை. ஊரிலிருக்கும் கூட்டாளியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"டீச்சரக்கான்னே போடு மாப்ள."

"நெசப் பேரு என்னடா?"

"யாருக்குடா தெரியும்?"

மனைவிக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து மகள் கத்தினாள்: "பாவாயி! அவிய அட்டையும் கயித்துல இருக்குமல்லொ!"

பிள்ளைகளோடு தன் அட்டையையும் தினமும் மாட்டியிருக்கிறார். பெரியவர்கள் நாம் ஒருவரும் படித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. என் புள்ளித் தாளின் வெள்ளைப் பக்கம். கோணல்மாணலாக 'பாவாயி'. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, 'மகிழினி'. அவள் எழுதியதில் மேல் வரியைப் பேனரில் அப்படியே வைத்துவிட்டேன். அச்செழுத்து போடவில்லை.

நேற்று வீடியோ காலில் மகளின் முதுகு தெரிந்தது. 'சாமி' என்னாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினாள். டீச்சரக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.