மெழுகு நெஞ்சு

இது நடந்த சம்பவம். ஊரையோ நேரத்தையோ நான் மாற்றவில்லை. 1967, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை. இதில் வரும் மணிக்கணக்குக்கு இரண்டு கடிகாரங்கள் சாட்சி. ஒன்று மாதுங்காவில் ஒரு மண்டபத்துச் சுவரில் இருந்தது. மற்றொன்று தாராவியில் ஒரு நோயாளியின் தலைமாட்டில் இருந்தது. நம்ப மனமில்லாதவர்கள் கதை என்றே வைத்துக்கொள்ளட்டும். வெயிலுமுத்து மட்டும் அதைக் கதை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வெயிலுமுத்து தாராவியில் காயில் சுற்றுகிறவர். எரிந்துபோன மின்விசிறி, மோட்டார், ரேடியோ டிரான்ஸ்பார்மர் எது வந்தாலும் பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். பட்டறையும் வீடும் ஒரே அறைதான். தனி ஆள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் பிரம்மநாயகமும் அவர் மனைவி முப்பிடாதியம்மாளும் இருந்தார்கள். பிரம்மநாயகம் தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டியின் பக்கத்திலேயே பதினாறு வருஷம் நின்றவர். நெஞ்சு கெட்டு இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடந்தார். அவர் இழுக்கும் மூச்சு உள்ளே போய் ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். 'க்ளுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம்தான் வெளியே வரும். சுவர் வழியாக அதைக் கேட்டுக் கேட்டு வெயிலுமுத்துவுக்குப் பழகிவிட்டது. அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கமே வரும் என்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

திங்கட்கிழமை ஜம்பு என்ற பையன்... பையன் என்ன, முப்பது வயது ஆள்... ஒரு கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். செம்பூர்க்காரன். பகலில் குமாஸ்தா, சாயங்காலம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவன். அந்தக் கிடாருக்கு நாலே தந்திகள், ஒவ்வொன்றும் தடித்த தந்தி. தந்திகளுக்கு அடியில் தீப்பெட்டியை நீட்டி வைத்தது மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குப் பிக்கப் என்று பேர். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. மேலே தந்தி அதிர்ந்தால், அதைப் பிடித்து ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவது அதுதான்.

"சத்தம் வருது மிஸ்திரி. ஆனா சதை இல்ல," என்றான் ஜம்பு. "தகர டப்பாவத் தட்டினாப்ல இருக்கு. ஆளோட நெஞ்சுல வந்து உக்காரணும்."

வெயிலுமுத்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். காந்தத்தில் பலம் இல்லை, சுற்றும் பாதிதான் இருந்தது. நல்ல காந்தமாகப் போட்டு இரண்டு மடங்கு சுற்றித் தருகிறேன் என்றார். புதன்கிழமை ஏழரை மணிக்கு மாதுங்காவில் கச்சேரி, அதற்குள் கட்டாயம் வேண்டும் என்று சொல்லி, பிக்கப்பை மட்டும் விட்டுவிட்டுக் கிடாரோடு ஜம்பு போனான்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு முப்பிடாதியம்மாள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றாள். பிரித்துக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்கு மெழுகில் செய்த மனித நெஞ்சு. விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. மாகிம் மாதா கோவிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கை நோவுக்கு மெழுகுக் கை, கால் நோவுக்கு மெழுகுக் கால் என்று வாங்கி வைப்பார்கள். புதன்கிழமை நொவேனா ஜெபத்துக்கு எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்ற பேதம் இல்லாமல் தாராவிச் சனம் அங்கே போய் நிற்கும். அவள் அதைப் போன வாரமே வாங்கிவந்து, ராத்திரி முழுக்கப் புருஷன் நெஞ்சில் வைத்துத் தடவியிருந்தாள். மெழுகில் ஒன்றிரண்டு நரைமுடி ஒட்டியிருந்தது.

"இவுகள விட்டுட்டு இன்னைக்கு நகர முடியலண்ணே. நீங்க கம்பி வாங்க ரயிலேற மாகிம் ஸ்டேஷனுக்குத்தான போவீய? அப்படியே மாதா காலடியில இத வச்சுட்டு, அவுக பேரச் சொல்லி ஒரு கும்புடு போட்டுருங்க."

"கொண்டா தாயி. இதெல்லாம் ஒரு வேலையா?" என்று வாங்கிக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து கோவில் பத்து நிமிஷ நடை. போகும்போது ரயில் வந்துவிட்டது. திரும்பும்போது வைக்கலாம் என்று ஏறிவிட்டார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நொவேனாதான் ராத்திரிவரை நடக்குமே, சாயங்காலம் வைக்கலாம் என்று பட்டறைக்கு வந்துவிட்டார். பொட்டலம் அலமாரியில் ஏறியது. கெட்ட மனுஷர் இல்லை அவர். கேட்ட உதவியை மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். தள்ளிப்போடத்தான் தெரிந்தவர்.

கம்பி இரண்டு தடவை அறுந்தது. சுற்றி முடிக்க மணி மூன்றே முக்கால் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வேலை பாக்கி. காயிலை அப்படியே மாட்டினால் ஸ்பீக்கர் சத்தத்தில் கம்பிகள் நடுங்கி 'கீ' என்று கத்தும். அதனால் உருக்கிய மெழுகில் அதை முக்கியெடுக்க வேண்டும். பழைய மெழுகுக்கட்டி தீர்ந்துபோயிருந்தது. வார்னிஷ் பூசினால் காய ஒரு நாள் ஆகும். வெளியே முழங்கால் தண்ணீர். கடை எதுவும் திறந்திருக்கவில்லை.

அலமாரியைப் பார்த்தார்.

மெழுகுதானே என்று நினைத்தார். போகிற வழியில் கோவில் வாசலில் புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட்டால் ஆயிற்று. மாதாவுக்குத் தெரியாதா நம் கஷ்டம்?

மணி நாலு பத்து. அலுமினியக் கிண்ணத்தைக் கொதிநீரில் இறக்கினார். விலா எலும்புகள் முதலில் கரைந்தன. மேலே ஒரு நரைமுடி மிதந்தது. தீக்குச்சியால் எடுக்கப் பார்த்தார். நழுவி உள்ளே போய்விட்டது.

காயிலை முக்கினார். சுற்றுகளுக்கு நடுவே அடைந்திருக்கும் காற்று குமிழியாக வெளியே வருவது வழக்கம்தான். ஆனால் எப்போதும் சடசடவென்று வரும். இன்றைக்கு ஒன்று வந்து நின்றது. பிறகு... 'க்ளுக்.' இன்னொன்று. மறுபடி நின்றது. 'க்ளுக்.'

கடைசிக் குமிழி உடைந்தது. கிண்ணம் அசையாமல் இருந்தது.

அப்போதுதான் கவனித்தார். தகரச் சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. பாவம், தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஐந்தே கால் மணிக்குப் பிக்கப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினார். பக்கத்து வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்க்க நேரமில்லை. கோவிலுக்கும் நேரமில்லை.

மாதுங்கா மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துப் பிக்கப்பை மாட்டி முடித்தார். ஏழு நாற்பதுக்கு ஜம்பு ஆம்ப்ளிபயர் சுவிட்சைப் போட்டான். முதல் தந்தியைத் தட்டினான். மேடைப் பலகை அதிர்ந்தது. ஜம்பு திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சதை வந்துவிட்டது.

மூன்று பாட்டு நன்றாகப் போயிற்று. எட்டே கால் மணிக்கு அறிவிப்பாளர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். யாரும் வாசிக்கவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ஸ்ஸ்ஸ்... ஹ்ஹ்ஹா...

ஜம்பு தந்திகளை உள்ளங்கையால் அமுக்கினான். நிற்கவில்லை. கிடாரில் இருந்த குமிழைத் திருகி ஒலியை முழுக்கக் குறைத்தான். அப்போதும் நிற்கவில்லை. வெயிலுமுத்து மேடைப் படுதாவுக்குப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தார். ஸ்பீக்கர் துணி மெல்ல உப்பியது. மெல்ல அமுங்கியது.

ஸ்ஸ்ஸ்... க்ளுக்... ஹ்ஹ்ஹா...

தகரச் சுவர் வழியாக ராத்திரி ராத்திரி கேட்ட அதே சத்தம்.

ஒவ்வொரு மூச்சும் முந்தியதைவிடப் பலமாக வந்தது. 'க்ளுக்' தேய்ந்துகொண்டே போனது. அப்புறம் அதுவும் இல்லை. நல்ல ஆரோக்கியமான ஆளின் ஆழமான மூச்சு.

பிறகு பேச்சு. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி. வார்த்தை விளங்கவில்லை. யாரோ யாரிடமோ நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சிரிப்பு.

"மிஸ்திரி... என்னது இது?" என்றான் ஜம்பு.

பேச்சு நின்றது.

ஸ்பீக்கர் துணி முழுக்க உப்பியது.

"வெயி..."

வெயிலுமுத்து பிளக்கைப் பிடுங்கினார்.

சுவர்க் கடிகாரத்தில் எட்டு இருபத்தைந்து.

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி சொருகினார்கள். ஒன்றுமில்லை. கிடார் கிடாராக மட்டும் முழங்கியது. வானொலி ஏதோ கலந்துவிட்டது என்று ஜம்புவிடம் சொல்லிவிட்டு, கச்சேரி முடியுமுன்பே அவர் கிளம்பினார்.

தாராவி வந்து சேர ஒன்பதரை. பிரம்மநாயகத்தின் வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முப்பிடாதியம்மாள் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழவில்லை. அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் நகக்கண்ணில் மெழுகு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து மறுபடி ஒற்றிக்கொண்டாள்.

நாலு மணிக்குமேல் மூச்சு அடங்கிவிட்டது என்றாள். கண்ணாடியை மூக்கருகே வைத்துப் பார்த்தார்களாம். கை கால் சில்லென்று ஆகிவிட்டதாம். சுற்றியிருந்த பெண்கள் அழ வாய்திறந்தபோது இவள் விடவில்லை. அண்ணன் மாதாவிடம் போயிருக்கிறார், வந்து சேரட்டும் என்று தடுத்துவிட்டாள். மருந்து கொடுக்கும் நேரத்துக்காக இரவல் வாங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ஏழு நாப்பதுக்குக் கண்ணு முழிச்சுட்டாவண்ணே. எந்திச்சு உக்காந்தாவ. கஞ்சி கேட்டுக் குடிச்சாவ. ரெண்டு வருசமா நான் அப்படி ஒரு மூச்சக் கேக்கல. நெஞ்சு நெறைய இழுத்து விட்டாவ. பேசினாவ... சிரிச்சாவ. ஏழு நாப்பதுக்குத்தான நீங்க வச்சீய?"

வெயிலுமுத்து தலையை ஆட்டினார்.

"அதான பாத்தேன். கடைசியா உங்களத்தான் கூப்பிட வந்தாவ. வெயின்னு வாயெடுத்தாவ. அதோட நின்னுபோச்சு. வெளக்க அணச்சாப்ல."

அவள் கையை விடவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எட்டு இருவத்தஞ்சுக்கு அத அங்கேயிருந்து யாராவது எடுத்துட்டாவளாண்ணே?"