துவக்கிலிருந்து திரும்பிய துணி

இந்தக் குளிர்நாட்டுப் புறநகரான ஹொல்ம்லியாவில் நான் வைத்திருக்கும் துணிக்கடைக்கு அந்த மனிதர் இடைக்கிடை வருவார். ஒல்லியான தேகம், மூக்கு நுனியில் கண்ணாடி. நிறத்தையோ பூவையோ அவர் பார்ப்பதில்லை. துணியை விரல்களுக்கிடையில் தேய்ப்பார், வெளிச்சத்தில் பிடித்து நெசவைப் பார்ப்பார், பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னக் கருவியொன்றை எடுத்துத் தடிப்பை அளப்பார்.

"நைலோன் கலக்காத பருத்திதானே, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. என்ன தைக்கப் போறியள்?"

"தைக்க இல்லை. பழங்காலத்துத் துவக்கு ஒண்டு வைச்சிருக்கிறன். குழாய் வாயாலை வெடிமருந்தைக் கொட்டி, குண்டை இந்தத் துணியிலை சுத்தி இறுக்கவேணும். கிளப்பிலை குறி பாத்துச் சுடுறனான்."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"துவக்குக்குப் பயந்துதானே அண்ணை இஞ்சை ஓடிவந்தனாங்கள்?"

"நானும் அப்பிடித்தான் வந்தனான்" என்றார். கோபிக்கவில்லை. பணப்பையிலிருந்து வட்டமான துணித்துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நடுவில் கரி படிந்திருந்தது. ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"போனமுறை உங்களிட்டை வாங்கினது. சுட்ட பிறகு நான் குறியைப் பாக்க ஓடமாட்டன். குண்டோடை வெளியிலை பறந்து விழுற துணியைத்தான் முதல்லை பனிக்குள்ளை தேடிப் பொறுக்குவன். எரிஞ்சு கிழிஞ்சிருந்தா வேறை துணி பாக்கவேணும். இது முழுசாத் திரும்பி வந்திட்டுது."

அரை மீற்றர் வெட்டிக் கொடுத்தேன். அவர் போனபின் பார்த்தால் அந்தத் துண்டு மேசையிலேயே கிடந்தது. மறந்து போனாரா, எனக்கென்று விட்டுப் போனாரா, தெரியவில்லை. பயந்துகொண்டுதான் முகர்ந்து பார்த்தேன். சின்ன வயதில் நத்தார்ப் பண்டிகைக்குக் கொளுத்திய சீனவெடியின் மணம் அடித்தது.

பனிக்குள் இறங்கி அவர் பொறுக்குவதும் இந்த மணத்தைத்தானோ?