பந்தியில் அடித்த ஃபிளாஷ்

கேமரா வாங்கியவனெல்லாம் போட்டோகிராபர் இல்லை என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். இந்தத் தொழிலுக்கு முதலில் வேண்டியது பழக்கம்; ரசனை, கலைக்கண் எல்லாம் அப்புறம்தான். முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போதே ஃபிளாஷில் புது பேட்டரி போட்டுவிட வேண்டும். ஒரு கண் கேமராவில் இருந்தாலும் மறு கண்ணை மூடக் கூடாது. யார் கத்தினாலும் கை நடுங்கக் கூடாது. எண்பதுகளிலேயே இதெல்லாம் எனக்கு ஊறிப்போயிருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் சொந்த ஸ்டூடியோ வேறு. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

மேடவாக்கம் பக்கம் வயலெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருந்த சமயம் அது. நான் படமெடுக்கப் போன கல்யாணத்தில் பெண்ணின் அப்பா, பாகம் பிரியாத நிலத்தைத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றிருந்தார். தம்பிக்குப் பத்திரிகையும் வைக்கவில்லை. அந்தத் தம்பி மதியப் பந்தியில் நேராக வந்து அண்ணனின் இலைக்கு முன்னால் நின்று, என் பங்கு எங்கே என்று கேட்டார். அண்ணன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். தம்பி இலையை வழித்து அவர் முகத்தில் அடித்தார்.

அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் பாய்ந்தார்கள். தம்பி மூட்டை தூக்கிப் பழகிய ஆள். சின்னவனைக் கழுத்தோடு பிடித்துப் பந்தி மேஜைமேல் வீசினார். சாம்பார் வாளி உருண்டது. பெரியவன் இரும்பு மடக்கு நாற்காலியை எடுத்து அவர் மண்டையில் போட்டான். தேங்காய் உடைகிற மாதிரிதான் கேட்டது. ரத்தம் காதோரமாக இறங்கிச் சட்டையை நனைத்தது. இரண்டாவது முறையாக நாற்காலி மேலே போனது. இன்னொரு அடி விழுந்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்று தோன்றியது.

என் கேமராவில் ஃபிலிம் இல்லை. முடிந்த ரோலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். புது ரோல் மணமகள் அறையில் பையோடு கிடந்தது. ஆனால் ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் ஆளாளுக்கு என்னையும் ஒரு படம் என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஃபிலிம் செலவழித்தால் கட்டுப்படியாகாது. வெறும் ஃபிளாஷை மட்டும் அடித்து அனுப்புவோம். கையும் அதற்குப் பழகியிருந்தது. கேமராவைத் தூக்கி ஃபிளாஷை அடித்தேன்.

பெரியவன் நின்றுவிட்டான். தூக்கிய நாற்காலியோடு முகத்தை என் பக்கம் திருப்பி, ஆடாமல் நின்றான். அந்தக் காலத்து ஜனங்கள் அப்படித்தான். ஃபிளாஷ் மின்னினால் உடம்பு தானாக விறைக்கும். சின்னவன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டதைக்கூடப் பார்த்தேன். ஆனால் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஏற வேண்டுமே. அது கீச்சென்று இழுத்துக்கொண்டிருந்த இடைவெளியில் மிதித்தார்கள். விலாவில், முகத்தில், முழங்கையில். சிவப்பு விளக்கு எரிந்ததும் அடித்தேன். நின்றார்கள். மறுபடி மிதித்தார்கள். மறுபடி அடித்தேன்.

முதல் ஃபிளாஷுக்கு அப்புறம் தம்பி திருப்பி அடிக்கவே இல்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, குனிந்து வாங்கிக்கொண்டிருந்தார். மயக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் மேஜைக்கடியில் கொஞ்சம் நகர்ந்து, கடைசியில் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். சமையல்காரர்கள் அவரைத் தூக்கிக் காய்கறி வண்டியில் போட்டு ஓட்டினார்கள்.

அடுத்து என்னிடம் வந்தார்கள். அண்ணா, ரோலைக் குடுத்துடு என்று பெரியவன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். கேமராவைப் பிடுங்கித் திறந்தவன் உள்ளே காலியாக இருப்பதைப் பார்த்ததும் வாயிலேயே குத்தினான். முன்பல் ஒன்று போனது. என் சட்டைப் பையிலிருந்த ரோலைக் கண்டுபிடித்து, வெளிச்சத்தில் முழம் முழமாக இழுத்துப்போட்டு மிதித்தான். அவன் தங்கை கழுத்தில் தாலி ஏறிய படமெல்லாம் அதில்தான் இருந்தது. சொல்ல வாய் திறந்தேன், மறுபடி குத்து விழுந்தது. அப்புறம் நான் ஏன் சொல்கிறேன்?

பல் போனாலும் உள்ளுக்குள் எனக்குக் கர்வம்தான். நல்ல பேட்டரியும் நடுங்காத கையும் ஒரு உயிரைக் காப்பாற்றின என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சில மாதம் கழித்து அந்தத் தம்பி ஸ்டூடியோவுக்கு வந்தார். நெற்றியில் தையல் தழும்பு. வலது முழங்கை மடங்கியபடியே இறுகியிருந்தது. கோர்ட்டில் கேஸ் இருக்கிறது, அந்தப் படங்கள் வேண்டும் என்றார். உட்காரச் சொல்லி உண்மையைச் சொன்னேன். கேமரா காலி, அவர்களை நிறுத்தத்தான் ஃபிளாஷ் அடித்தேன் என்றேன். நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன் என்றால் பாருங்கள்.

அவர் இறுகிய முழங்கையை மேஜைமேல் தூக்கி வைத்தார்.

"நீ போட்டோ எடுத்துகினு கீறேன்னுதான் நான் கையத் தூக்கல. அவனுங்க அடிக்கிறது மட்டும் போட்டோல வுயட்டும்னு வாங்கிகினு இருந்தேன். இல்லன்னா அந்த ரெண்டு பசங்களும் எனக்கு ஒரு ஆளா?"

வெறும் ஃபிளாஷ் அடிப்பதை அன்றோடு விட்டேன்; குழந்தை கேட்டு அழுதாலும் ஃபிலிம் போடாமல் கேமராவைத் தூக்குவதில்லை. படம் இல்லாமல் கேஸ் நிற்கவில்லை. அவர் கை கடைசிவரை நீளவே இல்லை.