மூவரில் இருவர் போதும்

முதலில் நடுவுள்ளவளைக் கொல்கிறார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, பிளாஸ்கிலிருந்து வெந்நீரை மூடியில் ஊற்றி ஊதி ஊதிக் குடிக்கிறார். போனவள் போனது மற்ற இருவருக்கும் எப்போது உறைக்கிறது என்று திரையைப் பார்த்தபடி காத்திருக்கிறார். தினமும் காலை ஒன்பதே காலுக்கு இது நடக்கும்.

சாகிறது கணினிதான், அதுவும் பொய்க் கணினி. எங்கள் அலுவலகம் ஆம்புலன்ஸ் அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் மென்பொருளைச் செய்கிறது. மூன்று கட்டடங்களில் மூன்று கணினிகள் ஒரே பட்டியலை வைத்திருக்கும். ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் கலந்து பேசி வேலையைத் தொடரவேண்டும். நிஜத்தில் படுக்கவைத்துப் பார்த்தால் நோயாளியின் கதி என்ன ஆவது? அதற்காக இந்த நாற்பது வயதுப் பெண்மணி, நிஜம்போல் நடித்துக்காட்டும் ஒரு சிமுலேட்டர் எழுதியிருக்கிறார். மூன்றையும் ஒரே திரைக்குள் வாழவைத்து, கம்பியை அறுப்பார், கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார், ஒருத்தியின் செய்தி இன்னொருத்திக்குப் போய்ச் சேராமல் பிடித்து வைப்பார். அலுவலகத்தில் இவருக்கு எமன் என்று பெயர். வாசல் காவலாளிகூட, "இன்னைக்கு எத்தனை உயிரும்மா?" என்றுதான் வரவேற்பார். இவரும் சிரித்துக்கொண்டே விரல்களைக் காட்டிவிட்டுப் போவார்.

நான் கையேடு எழுதுகிறவன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு 'சிமுலேட்டரைத் தொடங்குவது எப்படி' என்று எட்டுப் பக்கம் வேண்டும் என்றார்கள். அதனால் மூன்று வாரம் எமனுக்குப் பக்கத்து மேசை எனக்கு.

தொடங்கியவுடன் சிமுலேட்டர் ஓர் எண் கேட்கும். "எந்த எண்ணு வேணா போடுங்க சார். ஆனா எழுதி வச்சுக்குங்க. திரும்ப அதையே போட்டா, அதே நொடியில அதே ஆளு போவா. மயிரிழை மாறாது" என்றார். நான் என் வீட்டு எண்ணைப் போட்டேன். பதினோராவது நொடியில் சின்னவள் போனாள். மறுபடி போட்டேன். பதினோராவது நொடியில் சின்னவள். நாலாம் தடவை, பத்தாவது நொடியிலேயே நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

கணினிகளுக்குப் பெரியவ, நடுவுள்ளவ, சின்னவ என்று பெயர். "ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் வச்சா, எது போனாலும் நமக்கு உறைக்காது சார். பேரு வச்சாத்தான் ஒழுங்கா பாப்போம்." இவரும் மூன்று சகோதரிகளில் கடைசி என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் எழுதித் தரும் பக்கங்களைச் சிவப்புப் பேனாவோடுதான் வாசிப்பார். 'இறந்த கணினி' என்று எங்கே இருந்தாலும் அடித்துவிட்டு, 'பதில் தராத கணினி' என்று எழுதுவார். ஒரே பக்கத்தில் ஒன்பது இடம். எனக்கு எரிச்சல் வந்தது.

"கொல்றவங்களே நீங்கதானேம்மா?"

"நான் கொன்னது எனக்குத் தெரியும். மத்த ரெண்டு பேருக்கு எப்படித் தெரியும்? பதில் வரலைங்கறது மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். செத்தாளா, கம்பி அறுந்து கிடக்கறாளா, வெளியில நிக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"அப்ப எப்படித்தான் முடிவு பண்றது?"

"மூணு பேர்ல ரெண்டு பேர் சேர்ந்து இல்லைன்னு சொல்லிட்டா, இல்லை. அவ்வளவுதான்."

நாளின் கடைசிச் சோதனை ஓட்டத்துக்கு மட்டும் எண் மாறாது: 4127. அதில் நடுவுள்ளவள் சாவதில்லை. கம்பிதான் அறுகிறது. மற்ற இருவரும் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்து, அவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். பத்தொன்பதாவது நொடியில் கம்பி மறுபடி கூடுகிறது. திரையின் அடியில் ஒரு வரி வருகிறது.

நடுவுள்ளவ: நான் இருக்கிறேன். யாராவது இருக்கிறீர்களா?

"தன்னை எடுத்துட்டாங்கன்னு அவளுக்குத் தெரியாது சார். விட்ட இடத்துலேர்ந்தே பேசுவா" என்பார். பழைய செய்தி என்று மற்றவர்கள் அதைத் தள்ளிவிடவேண்டும், அதுதான் விதி. அவர்கள் தள்ளுவதற்குள் இவர் ஒரு விசையைத் தட்டி ஓட்டத்தை நிறுத்திவிடுவார். அந்த வாசகத்தை எழுதியது இவரேதான், எனக்குத் தெரியும். தெரிந்தும், அது வரும்போதெல்லாம் யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று கேட்பதுபோல் இருக்கும்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், என் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தவர் எழுந்தார். "சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். வர்றீங்களா சார்?"

பார்வையாளர் அறையில் இவருடைய பெரியக்கா உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு தாள். நடுவுள்ள சகோதரி ஏழு வருடம் முன்பு காலையில் வேலைக்குப் பஸ் ஏறப் போனவள், திரும்பவில்லை. அவளை இறந்தவளாகக் கருதச் சம்மதம் என்று உடன்பிறந்தவர்கள் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். பெரியக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அவ விட்டுட்டுப் போன பாப்பாவுக்கு ஒன்பது வயசாச்சுடி. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கறாங்க. நான் அதுக்கு யாருன்னு சொல்றது?"

"அவ வந்துட்டா?"

"வந்தா கட்டிப் பிடிச்சு அழறேன். வரணுமே!"

"வந்து பேசுவாக்கா. தாள்ல இல்லாதவளுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க."

பெரியக்கா தாளை இவர் பக்கம் நகர்த்தினார். "குழந்தை என் முகத்தையே பாக்குதுடி" என்று மட்டும் சொன்னார்.

இவர் தாளை இழுத்துக்கொண்டார். கையில் சிவப்புப் பேனா இருந்தது. 'இறந்தவரின் பெயர்' என்ற வரியின்மேல் அது கொஞ்ச நேரம் நின்றது. அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "சிவப்பு வேண்டாம்மா, நீலம் போடு" என்று பெரியக்கா தன் பேனாவை நீட்டினார். இவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன்.

இடத்துக்குத் திரும்பியதும் வெந்நீர் ஊற்றவில்லை. 4127 போட்டார். கம்பி அறுந்தது. மூன்று முறை கூப்பிட்டார்கள். எடுத்துவிட்டார்கள். பத்தொன்பதாவது நொடியில் அந்த வரி வந்தது.

நான் இருக்கிறேன். யாராவது இருக்கிறீர்களா?

இவர் விரல் அந்த விசைமேல் இருந்தது. தட்டாமல் கையை எடுத்தார். நாற்காலியை முன்னால் இழுத்து, திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய், பக்கத்து மேசைக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"இருக்கேன்க்கா. சொல்லு."