நிறுத்தினால் காணாமல் போகும் சித்தி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், இயற்பியலில் பட்டம் வாங்கியவள், இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். நான் கதை விடுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பயந்துபோய் உளறுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில், நான் பிறப்பதற்கு முன்பு, ஒரு சிரிப்புப் படம் எடுத்தார்கள். காமெடி நடிகர் பிரேக் இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் வந்து தேயிலைச் செடிக்குள் தலைகுப்புற விழுவார். கொழுந்து பறிக்கிற ஐந்து பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், மூன்று விநாடிதான். நடுவில் நிற்பவள் அம்மாவின் தங்கை ஜெயா, அவள் தோளில் கைபோட்டிருப்பது அம்மா. மறு வருஷமே மஞ்சள் காமாலையில் சித்தி போய்விட்டாள். அவளுக்கு வேறு போட்டோவே கிடையாது. சின்ன வயதில் டிவியில் அந்தப் படம் வந்தால் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள், "அந்தா ஜெயா!" என்று அம்மா கத்தி முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சொன்னாள், "அவ மொகம் மறந்துக்கிட்டே வருதுட்டி."

"இதுக்குப் போயி கண்ணக் கசக்குற? படத்த நிறுத்திப் போட்டோ எடுத்துத் தாரேன், மாட்டி வச்சுக்கோ" என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

முழுப் படத்தையும் பார்த்தோம். அன்று உருண்டு புரண்டு சிரித்த வசனங்களில் பாதி இப்போது சப்பென்று இருந்தன, ஆனால் சைக்கிள் வந்ததும் இரண்டு பேருக்கும் பழைய சிரிப்பு வந்துவிட்டது. சித்தி பல் தெரியச் சிரித்தாள். நான் டக்கென்று நிறுத்தினேன்.

நான்கு பெண்கள். நடுவில் தேயிலைச் செடி.

நம்பினால் நம்புங்கள், ஓட விட்டால் ஐந்து பேர், நிறுத்தினால் நான்கு பேர். விநாடி விநாடியாக நகர்த்திப் பார்த்தேன், வேறொரு பிரதியைத் தேடி இறக்கிப் பார்த்தேன், போனிலும் ஓட்டிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதேதான். வீடியோவைச் சுருக்கும்போது ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். ஆனால் நிறுத்திய படத்தில் அம்மாவின் கை, தோள் உயரத்தில், காற்றில் கிடந்தது.

அம்மா பதறவே இல்லை. "உசுரோட இருக்கும்போதே அவ ஒரு எடத்துல நிக்க மாட்டாட்டி. கங்காணி கத்திக் கத்தித் தொண்ட வத்திப் போவாரு" என்றாள். பிறகு, "பரவால்ல, அந்த வெத்து எடத்தோடயே எடுத்துக் குடு. அவ சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்னு நா நெனச்சுக்கிடுவேன்" என்றாள்.

மறுநாள் மூணாறில் ஒரு ஸ்டுடியோவில் அதைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். நடத்துகிறவர் மலையாளி, எங்கள் எஸ்டேட்டைக்கூடப் பார்த்திராத ஆள். சாயங்காலம் படத்தை என் கையில் தரும்போது கேட்டார், "மோளே, நாலு பேரும் நல்லா சிரிக்குது. நடுவுல நிக்குற சேச்சி மட்டும் என்ன, இப்படி அழுதுட்டு நிக்குது?"

வாங்கிப் பார்த்தேன். நான்கு பெண்கள், நடுவில் செடி. காசைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "சிரிச்சது போதும்ளா, வா" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறாள். ஸ்டுடியோக்காரர் கேட்டதை அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.